முத்து உம்முடைய தம்பி அல்ல

உம் நினைவுக் கூட்டத்து அழைப்பிதழ் மேசைமேல் கிடக்கிறது. உம் படத்துக்குக் கீழே, ‘வெள்ளம் வடிந்த காலையில் தம்பியின் சட்டை மட்டும் மருதமரத்தில் காய்ந்தது’ என்று பொன்னிற எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்து மூன்று நாளாகியும் அதைக் கிழித்துப்போடக் கை வரவில்லை. அந்தச் சட்டை என் தம்பியுடையது.

குறுக்குத்துறைப் படியில் நாம் சேர்ந்து நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கவிதை வகுப்பு நினைவிருக்கிறதா? பீடி சுற்றும் அக்கா, ஓய்வுபெற்ற கண்டக்டர், வங்கிக்காரர் என்று பத்துப் பேர் ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு எழுதுவார்கள். விதி உம்முடையது. எழுதியதை ஒருமுறை உரக்க வாசிக்க வேண்டும். உடனே தாளை ஆற்றில் விட்டுவிட வேண்டும். “கையில வச்சிக்கிட்டே இருந்தா அடுத்தது வராது வே,” என்பீர். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தீர், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். பேனாவைத் தொடுமுன் கால்மணி நேரம் எல்லோரையும் தண்ணீரைப் பார்க்க வைப்பீர்.

ஓர் ஐப்பசிக் காலையில், வெள்ளத்தில் போன என் தம்பியைப் பற்றி எழுதினேன். கடைசி மூன்று வரியை மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. அப்படியே தாளை ஆற்றில் விட்டேன். நீர் என் தோளைத் தட்டிக்கொடுத்தீர். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

இரண்டு வருடம் கழித்து உம் தொகுப்பில் அந்தக் கவிதை வந்தது. நான் நிறுத்திய இடத்திலேயே நின்றது. என்ன அழகான முடிவு என்று மேடைக்கு மேடை புகழ்ந்தார்கள், நீரும் தலையாட்டினீர். வீட்டுக்கே வந்து கேட்டேன்.

“ஆத்துல விட்டது ஆருக்கும் சொந்தமில்ல. இதுக்குப் போய் ஏன் வே குதிக்கீரு?” என்று காப்பியை நீட்டினீர். நானும் குடித்துத் தொலைத்தேன். எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. வகுப்பில் கேட்டவர்களோ உம்மைப் பகைத்துக்கொள்ள மனமில்லாமல், மறந்துவிட்டது என்றார்கள்.

கூட்டத்தில், பழைய சிநேகிதர் என்று என்னையே அந்தக் கவிதையை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். நீர் முடித்த இடத்தில் நான் முடிக்கவில்லை.

‘முத்து, அம்மா இன்னும்
உன் தட்டையும் கழுவிக்
கவிழ்த்து வைக்கிறாள்.’

முன்வரிசையில் இருந்த உம் மனைவி எழுந்தார். “முத்துங்கது ஆரு அண்ணாச்சி?”

“என் தம்பி, மதினி. உங்க வீட்டுக்காரருக்குத் தம்பி கிடையாதுல்லா?”

மைக்கிலேயே சொன்னேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு இனிப்பாக ஒரு வாக்கியம் என் வாயில் வந்ததில்லை. மதினி முகத்தைப் பார்த்தபோது மட்டும் வருத்தமாக இருந்தது. உமக்காக ஒரு சொட்டு வருத்தம் இல்லை.

வெளியே வரும்போது நம் கண்டக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “செத்த மனுசனப் போயி இப்படிச் சந்தி சிரிக்க வைக்கலாமா வே?”

“முத்துவும் செத்தவன்தான் வே,” என்றேன்.

அவர் கையை விட்டுவிட்டார். என் கோபம் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும்.