அப்பாவின் இரண்டு பீப்பாய்கள்

ஆர்புவா,
11 பிப்ரவரி 2018

அன்புள்ள ஃபிர்மான்,

இங்கே அனைவரும் நலம் என்று எழுதலாம். அனைவரும் என்றால் நான் ஒருத்திதான், எனக்குத் தோள் சரியில்லை. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. ஆறு வாரம் கத்தரி பிடிக்கக் கூடாதாம். திராட்சைக் கொடிகளில் பாதியைக்கூட இன்னும் கத்தரிக்கவில்லை. ஒரு வாரம் வந்து போவாயா?

பக்கத்துத் தோட்டத்து ரூஜே நேற்றும் வந்தார். "ஏம்மா ஒடீல், ஒத்தத் தோளை வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு ஓட்டுவ? தோட்டத்தை எங்கிட்ட குத்தகைக்கு விடு." தம்பி வருவான் என்றேன். "யாரு, இருபத்தஞ்சு வருசமா பர்கண்டிக்காரனுக்கு உழைக்கிறவனா? வந்துட்டாலும்!" என்று சிரித்தார்.

அறுவடைக்குள் வந்து பொறுப்பேற்கிறேன் என்று நீ சொன்னதை நம்பித்தான் இன்னும் அவரை இழுத்தடிக்கிறேன். இனி என்னால் தனியாக முடியாது.

அன்புடன்,
ஒடீல்

*

போன், பர்கண்டி,
4 மார்ச் 2018

அன்புள்ள அக்கா,

தோள் எப்படி இருக்கிறது? மருத்துவமனையில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்ப மனமில்லை. கத்தரிக்கும் வேலை முழுக்க முடிந்தது. ரூஜே வேலியோரம் நின்று, "என்ன தம்பி, கத்தரி பிடிக்க இன்னும் மறக்கலையா?" என்றார். "உங்களுக்குத்தான் கண்ணு மங்கிருச்சு, பக்கத்துல வந்து பாருங்க" என்றேன்.

ஒன்று சொன்னால் கோபிக்காதே. நிலவறையின் மூலையில் அப்பாவின் இரண்டு பீப்பாய்களிலும் ஒயின் ஒரு சாண் இறங்கிக் கிடந்தது. இப்படியா விடுவது? தொட்டியிலிருந்த வெள்ளை ஒயினை ஊற்றி விளிம்புவரை நிரப்பிவிட்டேன். அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

உன் தம்பி,
ஃபிர்மான்

*

ஆர்புவா,
2 ஏப்ரல் 2018

அன்புள்ள ஃபிர்மான்,

இன்றுதான் நிலவறைக்கு இறங்க முடிந்தது. கொடிகளை அழகாகக் கத்தரித்திருக்கிறாய், நன்றி.

அந்த இரண்டும் மஞ்சள் ஒயின். ஆறு ஆண்டும் மூன்று மாதமும் தொடாமல் விட வேண்டியவை. குறைய விட்டால்தான் மேலே பாலாடைபோல் படியும். அந்த ஆடைதான் ஒயினைக் காக்கும். நீ ஊற்றியதில் அது கிழிந்து அடியில் போய்விட்டது. கொஞ்சம் இறைத்துவிட்டால் மறுபடி படியலாம். ஆனால் காலக்கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அப்பா இறப்பதற்கு முன் கடைசியாக நிரப்பியவை. இன்னும் இரண்டே ஆண்டுதான் பாக்கி இருந்தது.

பர்கண்டியில் காற்றுப் படக் கூடாதென்று வாராவாரம் நிரப்புவீர்கள், தெரியும். கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அடைப்பைத் திறந்து ஆடையைப் பார்த்தபோது உனக்கு எதுவும் உறுத்தவில்லையா? யோசித்து எழுது. அதைப் பொறுத்துத்தான் ரூஜேக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒடீல்

*

போன்,
9 ஏப்ரல் 2018

அன்புள்ள அக்கா,

மன்னிப்புக் கேட்டு மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

உறுத்தவில்லை. அந்த ஆடையைப் பார்த்ததும் 'ஐயோ, கெட்டுப்போச்சே' என்றுதான் நினைத்தேன். அதைத் தொட்டதற்காகப் பத்து வயதில் அப்பா என்னை அடித்தது நேற்றுத்தான் ஞாபகம் வந்தது. கை இந்த ஊர்க் கையாகிவிட்டது.

ரூஜேயிடம் சரி என்று சொல்லிவிடு. எனக்காக இனிக் காத்திருக்காதே. வருகிறேன் என்று சொன்னபோது நான் பொய் சொல்லவில்லை அக்கா. வர முடியாது என்பது அப்போது எனக்கே தெரியாது.

உன்
ஃபிர்மான்