பூஜையில் வைத்த லேப்டாப்

2025 அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பேக்டரியிலிருந்து ரிட்டையர் ஆனாலும் பூஜை இன்னும் என் டிபார்ட்மென்ட்தான். மகன் கோகுல்நாத்தின் பைக், அரிவாள்மனை, கத்தரிக்கோல், மருமகள் தீபிகாவின் லேப்டாப், எல்லாம் வரிசையாக. என் வீட்டுக்காரி நாகம்மா சந்தனம் குழைத்துத் தந்தாள்.

"இன்னா கெழவி, உனக்கும் ஒண்ணு வச்சிடவா? நீயும் ஓடுற மிஷினுதானே."

கரண்டியை ஓங்கினாள்.

தீபிகாவுக்கு ஆகஸ்டில் வேலை போய்விட்டது. நாளை மறுநாள் லேப்டாப்பிலேயே இன்டர்வியூ, கடைசி ரவுண்டு. கோபிச்செட்டிபாளையத்துப் பொண்ணு. "நல்லா வேண்டிக்கங்க மாமா" என்றாள். வேண்டிக்கொண்டு, அதற்கு மட்டும் சந்தனம் தாராளமாகவே வைத்தேன். காலைவரை எதையும் யாரும் தொடக்கூடாது என்று ஆர்டர் போட்டாச்சு.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. கற்பூரம் காட்டி, ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்து, லேப்டாப்பை அவள் கையில் கொடுத்தேன். பட்டனை அமுக்கினாள். கம்பெனி பேர் வந்தது. பொசுக்கென்று அணைந்தது. மறுபடி அமுக்கினாள், மறுபடி அதேதான்.

"லீவு நாளாச்சே, அதுக்கும் தூக்கம் கலையல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கோகுல் சார்ஜரைப் பிடுங்கிச் சொருகினான், போனில் வீடியோ பார்த்து என்னென்னவோ செய்தான். ம்ஹூம். தீபிகா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "செஞ்ச வேலை பூராவும் இதுலதானுங்க இருக்குது. நாளைக்கு அவங்களுக்குக் காட்டோணும்." கண்ணெல்லாம் தண்ணி.

அந்தப் பொண்ணு அழுது நான் பாத்ததே இல்ல. இன்னாடா இது — நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சி?

அதே நாள், சாயங்காலம்

காந்தி ஜெயந்தியும் சேர்ந்துகொண்டதால் கடையெல்லாம் பூட்டு. குமணன்சாவடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் யூசுப்பைக் கோகுல் கெஞ்சி வரவழைத்தான். மூன்று பேரும் போனோம்.

"போர்டு போயிருக்கும்ணா. நாலு நாள் வுட்டுட்டுப் போங்க" என்றான் யூசுப். "தண்ணி, காபி எதுனா கொட்டிச்சா?"

"ஒண்ணுமே கொட்டலைங்க."

நான் சும்மா இருப்பேனா? "காபி இன்னாத்துக்குப்பா, ராஜ மரியாதை பண்ணிகீறேன். பேக்டரியில எந்த மிஷினா இருந்தாலும் ஸ்டார்ட் பட்டனுக்குத்தான் மொதல் பொட்டு. இதையும் தொறந்து வச்சேன். காலைல தொடச்சிட்டேன், கறையே தெரியாது."

மூணு பேரும் என்னையே பார்த்தார்கள்.

யூசுப் பட்டன் ஓரத்தை ஊசியால் நெம்பினான். மஞ்சளாக, இறுகிப்போன சிமென்ட் மாதிரி உதிர்ந்தது. அமுக்கினால் பட்டன் மேலே வராமல் உள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. அப்படி அமுங்கியே கிடந்தால் லேப்டாப் தானாக அணைந்துவிடுமாம்.

"நைனா, பொட்டு வச்சியா, பூச்சு வேலை செஞ்சியா?"

"அப்பா!" என்றான் கோகுல்.

அய்யோ — நானா? வேண்டிக்கினு நானே அணைச்சி வச்சேனா?

யூசுப் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து மாட்டினான். திரை வந்தது. அணையாமல் நின்றது. அவள் வேலையெல்லாம் பத்திரமாக இருந்தது. வீடு வந்து சேரும்வரை தீபிகா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் தாங்க முடியல. திட்டித் தொலையேம்மா!

அக்டோபர் 3, வெள்ளி

இன்டர்வியூ முடியும்வரை வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று நாகம்மா என்னைப் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குத் துரத்திவிட்டாள். போனேன்.

அக்டோபர் 27, திங்கள்

தீபிகாவுக்குப் புது ஆபீசில் முதல் நாள். அம்பத்தூர் எஸ்டேட். மதியம் போன் பண்ணினாள்.

"சாப்டீங்களா மாமா? எங்க மேனேஜர் உங்ககிட்டப் பேசோணுமாம்."

என்கிட்ட எதுக்கு?

"வணக்கம் சார், நான் கஸ்தூரி. ஸ்டார்ட் பட்டனுக்குப் பொட்டு வச்சது நீங்கதானே?"

பின்னால் கொல்லென்று சிரிப்பு. சமீபத்தில் சந்தித்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள் என்று இன்டர்வியூவில் கேட்டார்களாம். இந்தப் பொண்ணு என்னைச் சொல்லியிருக்கிறாள்!

அடிப்பாவி. ஊரையே ஓட்டுற ஆளு நான். இப்போ என்னையே ஓட்டிட்டா.

"ஆமாம்மா" என்றேன்.