இறங்காத ஸ்டேஷன்

பாண்டியின் அய்யாவுக்கு,

போனில் பேசினால் பாண்டி காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

மகன் பாண்டி சென்னையைச் சுற்றிக் காட்டினான் என்றே நம் ஊர் அபிராமத்தில் சொல்லிக்கொள்ளுங்கள். மெட்ரோ கார்டு அவன் கொடுத்ததுதான். அவனுக்கும் மருமகளுக்கும் ஆபீஸ். நான் தனியாகவே போய்க் கிண்டியில் மான் பார்த்தேன். அண்ணா நகர் பூங்காவில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்றேன். காலையிலிருந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் எதிரே ஒரு பொம்பளைப் பிள்ளை, "இங்கன வெயிலு கூடத்தாம்மா" என்று போனில் சொன்னது. நம் பக்கத்துப் பேச்சு. நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது தெரிந்தும், அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஸ்டேஷனில் கதவு திறந்ததும், "பொங்கலுக்குக் கட்டாயம் வாரேம்மா" என்று போனில் சொன்னபடி அது எழுந்தது.

"வா தாயி" என்றேன் நான்.

அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்தது.

மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சியாயிற்றா?

உங்கள் வீட்டுக்காரி