முன்னுக்கு வரவேண்டிய கடைசிப் பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? அம்மா சுகம்தானே? திருகோணமலையில் நானும் நலம்.

துறைமுக மீனவர்களைப் பற்றிய என் ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. "முக்கியமான கதையைக் கடைசிப் பக்கத்தில ஒளிச்சு வச்சிருக்கிறீங்கள் பிள்ளை, முன்னுக்குக் கொண்டு வாங்கோ" என்றார் என் மேற்பார்வையாளர் இன்பமலர் மேடம். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தாவிட்டால் பட்டம் அடுத்த வருடம்தான். கட்டுரைத் தாள்களைப் பந்தி பந்தியாக வெட்டி நிலத்தில் பரப்பினேன். கடற்காற்று வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

மன்னாரிலிருந்து யாராவது வந்தால் பனங்கட்டியும் என் பழைய போர்வையும் கொடுத்துவிடுங்கள்.

அவசரம், திருத்தப் போக வேண்டும். இந்தக் கடிதத்தையும் கட்டுரை மாதிரித்தான் எழுதிவிட்டேன். மேடம் பார்த்தால் இந்த வரியைத்தான் மேலே தூக்கி வைப்பார்: தனிய ஏலாது அப்பா, ஒருக்கா வாங்கோ.

மகள்
அஞ்சலினா