உடைக்காத கடலை

தில்லி துவாரகாவில் குளிர் தொடங்கிவிட்டது. மெட்ரோவிலிருந்து இறங்கி வரும் வழியில் மகள் சூடாக மூங்ஃபலி வாங்கி வந்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் அந்த வறுத்த கடலை வாசனையில் எனக்கு உம்மீதுதான் கோபம் வந்தது. நீர் போய்ச் சேர்ந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. கோபம் இன்னும் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சியாகத் தமிழ்ப்படம் போடுவார்களே, மோதி பாக் குவார்ட்டர்ஸிலிருந்து நாம் இருவரும் பஸ் மாறி மாறிப் போவோமே, அங்கே பார்த்த அந்தச் சிரிப்புப் படம் உமக்கு மறந்திருக்காது. ஓயாமல் சண்டை போடும் குடும்பம். காது கேட்காதவனுக்குத்தான் வாடகைக்கு இடம். கதாநாயகன் செவிடனாக நடித்து உள்ளே நுழைந்துவிடுவான். வீட்டுக்காரரின் மைத்துனனாக வரும் காமெடியன் அவன் முன்னாலேயே அவனை நக்கலடித்துத் தள்ளுவான்.

"ஹீரோவாவே அவன்? கோட் ஸ்டாண்டு கணக்கா நிக்கான். சிரிக்க வைக்கவன் ஒருத்தன், மாலை வாங்குதவன் ஒருத்தன்" என்றீர் நீர்.

"செவிடன் நிக்காம பின்னே கரகமாவே ஆடுவான்?" என்றேன் நான்.

பஸ்ஸில் ஆரம்பித்தது நம் ஆபீஸ் கேன்டீன் வரை வந்தது. ரிட்டயராகி நீர் ஜனக்புரிக்குப் போன பிறகு போனிலும் அதே சண்டைதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, "ஒத்துக்கிட மாட்டேன்வே" என்றுதான் சிரித்தீர்.

தியேட்டரில் உம் தொல்லை வேறு. கதாநாயகன் தலை தெரிந்தால் போதும், சடசடவென்று கடலை உடைப்பீர். காமெடியன் வந்தால் கடலையை மறந்து விழுந்து விழுந்து சிரிப்பீர். டார்ச் அடிப்பவன் வந்து, "பாயி சாப், தோடா தீரே" என்று மெதுவாக உடைக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான்.

நேற்று சாயங்காலம் அதே படம், துடைத்துவிட்டதுபோல் புதுப் பிரதியில், மகளின் பெரிய டிவியில் வந்தது. கதாநாயகனின் நடையைக் காமெடியன் நடித்துக் காட்டுகிறான். வீடே உருண்டு சிரிக்கிறது. கதாநாயகன் ஓரமாகக் காபி டம்ளரோடு நிற்கிறான். எத்தனையோ முறை பார்த்த காட்சிதான், ஆனால் இந்த முறைதான் நான் ஓரத்தைப் பார்த்தேன். தொண்டை ஏறி இறங்குகிறது. டம்ளர் லேசாக நடுங்குகிறது. பொங்கி வருகிற சிரிப்பை மொத்தமாக விழுங்கிக்கொண்டு முகத்தை மட்டும் மரமாக வைத்திருக்கிறான். அந்த முகம் இல்லாவிட்டால் காமெடியனுக்கு யார் சிரிப்பார்கள்?

"பார்த்தீராவே!" என்று கத்திவிட்டேன்.

"க்யா ஹுவாப்பா? யார்கிட்ட பேசறீங்க?" என்றாள் மகள். விஷயத்தைச் சொன்னேன். "அட ஆமா, ஹீரோ சூப்பர்" என்று உடனே ஒத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒத்துக்கொள்ள வேண்டியவர் நீர் அல்லவா? இத்தனை வருஷம் கழித்து ஆதாரம் கிடைத்திருக்கிறது, எதிராளியைக் காணோம். தோற்காமலே நழுவிவிட்டீர்.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. அன்று தியேட்டரில் இதே காட்சியில் நான் வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி உம் பக்கம் திரும்பினேன். நீர் சிரிக்கவில்லை. விரலிடுக்கில் உடைக்காத கடலை ஒன்று அப்படியே இருந்தது. காமெடியனுக்காகக் கடலைச் சத்தம் நின்றது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அவனுக்காக என்றால் ஏன் சிரிக்கவில்லை? அப்போது யாரைப் பார்த்துக்கொண்டிருந்தீர், ஓரத்தில் நின்றவனையா?

பொட்டலத்தின் கடைசிக் கடலை என் கையில் இருக்கிறது. உடைக்க மனசு வரவில்லை.

சொல்லித் தொலைத்திருக்கலாமேவே.