ராண்டிக்குக் கொடுத்த விடுப்பு

நியூஃபவுண்ட்லாந்து
மார்ச் 3, 2003

அன்புள்ள எல்டனுக்கு,

நான் நலம். சுரங்கத்தில் குளிர் எப்படி? காலுறை இரண்டு போடுகிறாயா? போனில் பேசினால் உன் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கருப்பையில் இருந்த சதைக்கட்டியை எடுத்துக்கொண்டேன். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. கேமரா வைத்த மெல்லிய குழாயைக் கீழ்வழியாகவே விட்டு எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லையாம். கரு ஒட்டாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாமாம். ஏழு வருஷமாக உன் அம்மா விட்ட பெருமூச்சுக்கெல்லாம் காரணம் ஒரு வேர்க்கடலை அளவு சதை!

டாக்டரம்மா சொன்னார்: "உனக்கு நாப்பது ஆயிடுச்சும்மா. இது திரும்பவும் வளரலாம். வர்ற மாசங்களை வீணாக்கிடாதே."

ஏப்ரல் பத்திலிருந்து பதினைந்து வரை நமக்குத் தோதான நாட்கள். எட்டாம் தேதி உன் விடுப்பு தொடங்குகிறது. வீட்டில் இரு. வேறெதுவும் கேட்கவில்லை.

உன்
பெர்னிஸ்

---

சுரங்க முகாம்
மார்ச் 29, 2003

அன்பு பெர்னிஸ்,

காலுறை மூன்று போடுகிறேன், போதுமா?

கோபப்படாமல் படி. என்னோடு லாரி ஓட்டும் ராண்டியின் மனைவிக்கு ஏப்ரல் பன்னிரண்டில் பிரசவம். அவனுக்கோ மே கடைசியில்தான் விடுப்பு. "முதல் பிள்ளைடா, நான் பக்கத்துல இல்லேன்னா எப்படிடா?" என்று சாப்பாட்டுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் அழுதான். என் விடுப்பை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அவனுடையதை நான் எடுத்துக்கொண்டேன். நமக்கு ஒன்றிரண்டு மாதம்தானே தள்ளிப்போகிறது?

உன்
எல்டன்

---

சுரங்க முகாம்
ஏப்ரல் 26, 2003

பெர்னிஸ் கண்ணே,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. போனையும் எடுப்பதில்லை.

ராண்டிக்குப் பெண் குழந்தை. நன்றிக்காக உன் பெயரையே வைக்கப்போகிறானாம்.

ஒன்றை மறைத்துவிட்டேன். ராண்டி என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன். ஒவ்வொரு மாதமும் நீ குளியலறையிலிருந்து வெளியே வரும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இந்த ஒரு தடவை பார்க்க வேண்டாமே என்று நிம்மதியாக இருந்தது. திட்டு, ஆனால் எழுது.

உன்
எல்டன்

---

நியூஃபவுண்ட்லாந்து
மே 19, 2003

எல்டனுக்கு,

கட்டி இருந்தபோது போலவே, விலக்கு இல்லாத நாட்களிலும் உதிரம் படத் தொடங்கியது. நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். இப்போது இரண்டு கட்டிகள். டாக்டரம்மா எடுத்துவிடலாம் என்று தேதி கேட்டார். நான் கொடுக்கவில்லை.

ராண்டிமேல் எனக்குக் கோபம் இல்லை. குழந்தை நன்றாக இருக்கட்டும். என் பெயர் மட்டும் அதற்கு வேண்டாம் என்று சொல்.

நீ வந்திருந்தால் நடந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நடக்காமலும் போயிருக்கலாம். அப்போது இரண்டு பேராக அழுதிருப்போம். என் முகத்தைப் பார்க்க உனக்குப் பயமாக இருந்தது. ஏப்ரல் முழுவதும் அந்த முகத்தோடு இந்த வீட்டில் நான் தனியாக இருந்தேன்.

இனி உனக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். உன் துணிகளையெல்லாம் உன் அம்மா வீட்டில் வைத்துவிட்டேன். விமானத்திலிருந்து இறங்கியதும் நேரே அங்கே போ.

பெர்னிஸ்