குளியலறைத் தரை

அண்ணா,

பத்து மணிக்கு மேஸ்திரி வருவார். அம்மாவுக்குச் சோறு மூடி வைத்திருக்கிறேன், நீயும் சாப்பிடு.

இவர் வேலை செய்த மூன்று வீடுகளுக்குப் போய் விசாரித்துவிட்டேன். நம்பலாம். நேற்று நம் குளியலறையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நின்று பார்த்தார். "இது ஹால்ல போடற டைல்ஸும்மா. குளிக்கிற இடத்துல யாரு போடச் சொன்னா?" என்றார்.

நான்தானே அண்ணா! பளபளப்பாக இருக்கிறதென்று கடையில் நான்தான் எடுத்தேன். டைல்ஸ் போட நீ கூட்டிவந்த ஆள் அப்போதே வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. அப்பா வழுக்கி விழுந்து இறந்த அன்று, எல்லார் முன்னாலும், "நீ பிடிச்ச ஆளாலதான் அப்பா போயிட்டாரு" என்று உன்மேல் பழியைப் போட்டேன். உண்மை தெரிந்தும் நீ வாயே திறக்கவில்லை. இந்த நான்கு மாதமும் அம்மா உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாயங்காலம் வந்து அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன். நீயும் பக்கத்தில் இரு.

பி.கு.: சுவரில் கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டுமென்று மேஸ்திரி கேட்பார். அம்மாவை நிற்கவைத்து அளக்கச் சொல். நேற்று அவர் கேட்டபோது, என்னையறியாமல் அப்பா உயரத்துக்குக் கை காட்டிவிட்டேன்.